எறும்புகள் மீது ஒரு மனு

என் மச்சான் காத்தவராயன் பெண்ணாடம் பக்கத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் லேப் வேலை பார்த்தவர். வயல் வயலாகப் போய்க் கரும்பைக் குத்திச் சாறு எடுப்பார். ஒரு சொட்டைக் கைக்கருவியின் கண்ணாடியில் விட்டு, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்துப் பிடிப்பார். உள்ளே ஒரு கோடு தெரியும். கோடு நிற்கும் எண்ணுக்குப் பெயர் பிரிக்ஸ். சாற்றில் எவ்வளவு இனிப்பு என்பதை அது சொல்லும். பிரிக்ஸ் ஏறிவிட்டால் கரும்பு முற்றிவிட்டது. ஆலையிலிருந்து விவசாயிக்கு வெட்டு உத்தரவு போகும்.

அந்தக் கருவி எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். அவர் தங்கச்சி அறிவுமதியை நான் கட்டிய அன்று, மங்கலம்பேட்டை மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது பாயசத்தில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தார். நேராகச் சமையல்காரரிடம் போய், "இருபத்தி நாலுக்கு மேல போவுது, இன்னும் பால் ஊத்துங்க" என்றார். சமையல்காரர் கரண்டியைப் போட்டுவிட்டு என் அப்பாவைத் தேடி வந்தார். பெண் வீட்டுக்காரர்களே பாயசத்தைக் குறை சொல்லி அவர் தொழிலில் பார்த்ததில்லையாம்.

நானும் லேப்தான். சிதம்பரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆய்வக உதவியாளர். சோதனைக் குழாய் கழுவுவது, பாட்டில்களில் பெயர் ஒட்டுவது. "மாப்ளயும் லேப், மச்சானும் லேப்" என்று சொல்லித்தான் தரகர் இந்தச் சம்பந்தத்தை முடித்தார்.

கல்யாணமான மூன்றாம் வருஷம் ஆலைச் சங்கு மச்சானைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தது. முதலில் ஷிப்ட் மாறும் நேரத்தில் மட்டும். பிறகு அரவை முடிந்து ஆலை பூட்டிக் கிடந்த மாதங்களிலும். "காத்தவராயா, ரிப்போர்ட் எங்க?" என்று கேட்குமாம். அவரும் எழுந்து போய் பூட்டிய கேட்டுக்கு முன்னால் ரிப்போர்ட் சொல்லிவிட்டு வருவார். மனச்சிதைவு என்றார்கள். வேலை போயிற்று. பெண் பார்த்து வைத்திருந்த இடம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. அத்தை செத்த பிறகு எங்களோடு சிதம்பரத்துக்கு வந்துவிட்டார். மாத்திரை ஒழுங்காகப் போட்ட வருஷங்களில் ஒரு தொல்லையும் இல்லை. ரேஷன் வாங்குவார், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவார். சங்கு தூரத்தில் கேட்கிறது என்பார், அவ்வளவுதான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மாத்திரையை நிறுத்திவிட்டார். சங்கு பக்கத்தில் வந்துவிட்டது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் ஒரு மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதன் பெயர் வேண்டாம். முப்பத்தாறு கட்டில், வேப்பமரம், சுத்தமான சோறு. டாக்டரும் நல்லவர்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

புது மாத்திரையில் மூன்று மாதத்தில் சங்கு அடங்கியது. வீட்டுக்கு வந்தால் மறுபடி மாத்திரையை நிறுத்திவிடுவார் என்று பயந்து அங்கேயே விட்டுவைத்தோம். ஆனால் மாத்திரை பசியைக் கிளப்பிவிட்டது. அறுபத்தெட்டு கிலோவில் போனவர் எண்பத்தொன்று ஆனார். பிறகு ஆடி மாதத்தில் மளமளவென்று இளைத்தார். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சந்தோஷப்பட்டோம். "அண்ணன் பழையபடி ஆயிடிச்சி பாருங்க, மொகம் எப்புடி எறங்கி அழகா இருக்குது" என்றாள் அறிவுமதி. நான் போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸப்பில் போட்டேன். பதினேழு பேர் கைகூப்பினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மச்சான் என் காதருகில் வந்து சொன்னார்.

"மாப்ள, எறும்பு என்ன வுடமாட்டேங்குது."

"எந்த எறும்பு?"

"எல்லா எறும்பும். நான் பாத்ரூம் போனா பின்னாலயே வருது. வந்து படுத்தா கட்டிலுக்கு வருது. பக்கத்துக் கட்டிலுக்குப் போவல. எனக்கு பிரிக்ஸ் ஏறிடிச்சி மாப்ள. எப்ப வேணா வெட்டு உத்தரவு வந்துடும்."

நான் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தேன். நோய் திரும்புகிறது என்று நினைத்தேன். டாக்டரிடம் போய்ச் சொன்னதும் நான்தான். அவர் மச்சானை எதிரில் உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார்.

"காத்தவராயன், நீங்க கரும்புன்னு நெனைக்கிறீங்களா?"

மச்சான் நிஜமாகவே யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"முழுசா இல்லீங்க சார். ஒரு அறுவது பர்சென்ட்."

டாக்டர் எழுதிக்கொண்டார். மாத்திரை கூட்டப்பட்டது. கூட்டக் கூட்டத் தாகம் எடுத்தது. நாளைக்கு இரண்டு குடம் தண்ணீர் குடித்தார். அளவில்லாமல் தண்ணீர் குடிப்பதும் இந்த நோயில் உண்டாம், அதனால் வராந்தாக் குழாய்க்குப் பூட்டுப் போட்டார்கள். அவர் செடிக்கு விடும் ரப்பர் குழாயில் வாய் வைத்துக் குடித்தார். அதையும் எழுதிக்கொண்டார்கள். அடிக்கடி பாத்ரூம் போகிறார் என்று பாத்ரூமை ஒட்டிய பதினாலாம் நம்பர் கட்டிலுக்கு மாற்றினார்கள். எறும்புகளுக்கு நடை மிச்சம்.

அடுத்த ஞாயிறு நானே பார்த்தேன். பாத்ரூம் வாசலிலிருந்து பதினாலாம் கட்டில் வரைக்கும் ஒரே கோடு, சின்னக் கறுப்பு எறும்பு. கட்டில் கால் வழியாக ஏறி, கொடியில் காய்ந்த மச்சானின் லுங்கி வரைக்கும் போயிருந்தது. எனக்கு மேல் முழுக்க ஊறிற்று. ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன்.

"சார், எறும்பு நெசமாவே இருக்குது சார். என் கண்ணால பாத்தேன்."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவ்வளவு இரக்கம்.

"ஒக்காருங்க. கூட இருந்து பாத்துக்குறவுங்களுக்கும் சில சமயம் இப்புடித் தோணும். வருஷக் கணக்கா நீங்களும் தாங்கிக்கிட்டு வர்றீங்க இல்லியா? தூக்கம் எப்புடி இருக்குது?"

"தூக்கம் நல்லாத்தான் சார் இருக்குது."

"பசி?"

பத்து நிமிஷம் பேசினார். நோயாளியின் உறவினர்களுக்கு என்று ஒரு கையேடு கொடுத்தார். வெளியே வந்தபோது எனக்கே ஒரு சந்தேகம். திரும்பிப் போய் அந்த எறும்புகளை இன்னொரு தடவை பார்த்துவிடலாமா என்று நினைத்தேன். பார்த்து, இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. நேராக பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டேன்.

இதில் எனக்கு மன்னிப்பே கிடையாது. வருஷா வருஷம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பிராக்டிகல் வைப்பவன் நான். தண்ணீரில் மஞ்சள் நிறமும் குளுக்கோஸும் கலந்து, 'சிறுநீர் மாதிரி' என்று சீட்டு ஒட்டி வைப்பேன். பிள்ளைகள் நீலக் கரைசலை ஊற்றிச் சூடாக்குவார்கள். செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை. மார்க் போடுவதற்கு முன்னால் நிறம் சரியா என்று டீச்சர் என்னைத்தான் கேட்பார். அந்த பாட்டில் என் அலமாரியில் இருந்துகொண்டே இருந்தது. மச்சானுடைய அப்பாவும் சர்க்கரையில் கால் எடுத்துத்தான் போனார். எல்லாம் தெரியும். ஆனால் சொன்னது காத்தவராயன் அல்லவா.

அவர் சொன்னதை முழுசாக நம்பிய ஆள் அந்த ஆஸ்பத்திரியில் ஒருத்தர்தான். அவரும் நோயாளி. பதிமூன்றாம் கட்டில் சத்யநாராயணன்.

சிதம்பரம் கோயில் பக்கத்து மனிதர். ஐம்பத்தெட்டு வயசு. பத்திரம் எழுதும் இடத்தில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்தவர். அரசாங்கம் தன்னை இந்த ஆஸ்பத்திரிக்குத் தனி அலுவலராக நியமித்திருக்கிறது என்பது அவர் நோய். மற்றபடி குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, காலை பத்து மணிக்கு வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். நோயாளிகள் வரிசையில் நின்று குறை சொல்வார்கள். ஒரு நீள நோட்டில் கட்டில் எண், குறை, எடுத்த நடவடிக்கை, முடிவு என்று நான்கு பத்தி போட்டு எழுதுவார். ஐந்து மணிக்கு ஆபீஸ் முடிந்துவிடும். அதற்கு மேல் யாராவது குறை சொன்னால், "நாளைக்கு வாங்கோ" என்பார்.

மூன்றாவது ஞாயிறு அவர் என்னைக் கூப்பிட்டு நான்காக மடித்த ஒரு காகிதத்தைக் கொடுத்தார்.

"நாளைக்கு திங்கக்கெழம. கலெக்டர் ஆபீஸ்ல மனுநாள். இதக் குடுத்துட்டு ஒப்புகைச் சீட்டு வாங்கிண்டு வரணும். நான் ஸ்டேஷன விட்டு வெளிய போகப்படாது, டியூட்டில இருக்கேன்."

மரியாதைக்கு வாங்கிப் பையில் வைத்தேன். அந்தத் திங்கட்கிழமை நானே பட்டா மாற்றத்துக்கு மனு கொடுக்கக் கடலூர் போக வேண்டியிருந்தது. ஒரே பை. கவுண்டரில் கை விட்டு எடுத்தபோது இரண்டும் சேர்ந்து வந்தது. உள்ளே இருந்தவர் என் கையிலிருந்ததை மொத்தமாக இழுத்து, இரண்டிலும் என் போன் நம்பரை எழுதச் சொல்லி, டக் டக்கென்று சீல் குத்திவிட்டார். என் பின்னால் நூறு பேர். "சார், அது வேற சார்" என்றேன். "அடுத்தவர் வாங்க" என்றார்.

மனுவோடு அவர் சேர்த்து மடித்திருந்த நகலிலும் சீல் குத்தித் திருப்பித் தந்திருந்தார்கள், வெளியே வந்து அதைப் பிரித்துப் படித்தேன்.

"பொருள்: எறும்புகள் – கட்டில் எண் 14 – அத்துமீறி நுழைதல் – தடுத்து ஆவன செய்யக் கோருதல் – தொடர்பாக.

ஒன்று: மேற்படி எறும்புகள் கடந்த ஆடி மாதம் பத்தாம் தேதி முதல் மேற்படி கட்டிலில் நுழைந்து வருகின்றன. இரண்டு: கட்டில்தாரர் திரு. காத்தவராயன் நாளொன்றுக்கு இருபத்திரண்டு முறை சிறுநீர் கழிக்கச் செல்கிறார். எறும்புகள் உடன் செல்கின்றன. மூன்று: எறும்புகள் சமையலறையையோ, இனிப்பு வைத்துள்ள அலமாரியையோ, பிற கட்டில்தாரர்களையோ நாடவில்லை. இவரை மட்டுமே நாடுகின்றன. இதன் காரணம் உரிய அலுவலரால் விசாரிக்கத் தக்கது."

படித்துவிட்டுச் சிரித்தேன். மூன்றாவது பத்தியைப் படித்தும் சிரித்தேன். எதிரில் டீக்கடையில் நின்று இரண்டாம் தடவை படித்தும் சிரித்தேன்.

என் பட்டா மனு இன்றைக்கும் பரிசீலனையில்தான் இருக்கிறது. எறும்பு மனுவுக்கு மூன்றாம் நாள் எஸ்.எம்.எஸ். வந்தது: தங்கள் மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது. ஐந்தாம் நாள், அந்தத் துறையிலிருந்து வேறு துறைக்கு. எட்டாம் நாள், எறும்பு கால்நடையில் சேராது என்று அங்கிருந்து இன்னொரு துறைக்கு. பதினொன்றாம் நாள் ஒரு பெண் போன் செய்தாள்.

"அண்ணே, நான் இருசம்மா பேசுறேன். வீடு வீடா போய் சக்கர, பிரஷர் பாக்குற வேல. எறும்புன்னு ஒரு மனு எங்க ஆரம்ப சுகாதார நெலயத்துல வந்து வுழுந்துருக்குது. யாரும் எடுக்கல, என் ஏரியான்னு என்ன அனுப்புறாங்க. மனுதாரர கூட நிக்க வெச்சி போட்டோ எடுத்து ஏத்தணுமாம். செத்த வந்துட்டுப் போறீங்களா?"

பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பைக்கில் போனேன். காரணம் என்று எழுதும் இடத்தில் 'சொந்த வேலை' என்று போட்டேன். எறும்போடு போட்டோ என்று எப்படி எழுதுவது?

இருசம்மாளுக்கு நாற்பது வயசு இருக்கும். தோளில் ஒரு பை, கையில் போன். மச்சான் பதினாலாம் கட்டிலில் சுவரோரம் சாய்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. கட்டிலைச் சுற்றி எறும்புச் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்திருந்தார்கள், அதன் நடுவில் அவர் மட்டும். நர்ஸ் மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றார். சத்யநாராயணன் நோட்டோடு வந்து, "விசாரணை அதிகாரியா? வரணும், வரணும்" என்று அவளுக்குத் தன் நாற்காலியைப் போட்டார்.

அவள் உட்காரவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எறும்புக் கோட்டோடு நடந்து பாத்ரூம் வரைக்கும் போனாள். திரும்பி வந்தாள். லுங்கியைத் தூக்கிப் பார்த்தாள்.

"யாருக்குங்க இங்க சக்கர?"

"யாருக்கும் இல்ல" என்றார் நர்ஸ். "இவுரு சேரும்போது எல்லாம் நார்மல்."

"சேந்து எவ்ளோ நாளாச்சி?"

"பதினாலு மாசம்."

"பத்தி மூன்றைப் பாருங்கோ" என்றார் சத்யநாராயணன்.

இருசம்மாள் பையிலிருந்து சின்ன மிஷினை எடுத்தாள். மச்சானின் விரலில் குத்தினாள். ரத்தம் கெட்டியாக வந்தது. மிஷின் அஞ்சு, நாலு, மூணு என்று எண்ணிற்று. மச்சானுக்குக் கருவியைப் பார்த்ததும் பழைய பழக்கம் வந்துவிட்டது. அவள் கையை இழுத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். எண் வரவில்லை. இரண்டு இங்கிலீஷ் எழுத்து மட்டும் வந்தது. மச்சானின் முகம் மலர்ந்தது.

"மாப்ள, மிஷின் எனக்கு ஹாய் சொல்லுது."

சொல்லிவிட்டு மிஷினுக்குப் பதில் ஹாயும் சொன்னார்.

நர்ஸ் போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டார். "சார், பதினாலாம் பெட்டு... மிஷின் தன்கிட்ட ஹாய் சொல்லுதுன்னு சொல்றாருங்க சார். திருப்பி இவுரும் சொல்றாரு. ஆமாங்க சார். சரிங்க சார்." போனை வைத்துவிட்டு ஊசி மருந்து எடுக்கப் போனார். தூங்க வைக்கிற ஊசி.

நான் எட்டிப் பார்த்தேன். மிஷின் ஹாய் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் வாங்கிய கையேடு ஞாபகம் வந்து நான் வாயே திறக்கவில்லை.

இருசம்மாள் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"ஊசி கீசி ஒண்ணும் போடாதீங்க. அது ஹாய் இல்ல சிஸ்டர், ஹை. அறுநூறுக்கு மேல போனா இந்த மிஷினுக்கு எண்ணத் தெரியாது, இப்புடித்தான் காட்டும். இந்த ஆளு தூக்கத்துல இல்ல, மயக்கத்துக்குப் போய்க்கிட்டு இருக்காரு. இதுக்கு மேல தூங்க வெச்சீங்கன்னா எழுப்ப முடியாது."

"டாக்டர் சொல்லிட்டாருங்க."

"டாக்டர வந்து மிஷினப் பாக்கச் சொல்லுங்க. அது வரிக்கும் நான் நவுர மாட்டேன்."

ஒரு கையால் நர்ஸைத் தடுத்துக்கொண்டே மறு கையால் 108-க்குப் போன் போட்டாள். வண்டி இருபது நிமிஷத்தில் வந்தது. வந்த ஆள், "கூட யாரு வர்றது? சீக்கிரம் ஏறுங்க" என்றான். நான் பைக் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டையும் கையில் நோட்டுமாகச் சத்யநாராயணன் ஏறி உட்கார்ந்துவிட்டார். கதவு சாத்திக்கொண்டது. நோயாளியைக் கூட்டிக்கொண்டு இன்னொரு நோயாளி போகிறார் என்று அந்தக் கலவரத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

சிதம்பரத்தில் அவரைக் கொண்டுபோன பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது அட்மிஷன் முடிந்திருந்தது. அவசரப் பிரிவு டாக்டரம்மாவிடம் சத்யநாராயணன் நோட்டைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தார். தாகம் ஆரம்பித்த தேதி, எடை ஒவ்வொரு வாரமும் எவ்வளவு, எந்த மாத்திரை எந்தத் தேதியில் எத்தனை மில்லிகிராம் கூட்டியது, எத்தனை முறை சிறுநீர், எந்த நாளிலிருந்து கண் மங்கல்.

"இவ்ளோ தெளிவா யாரும் எங்கிட்ட சொன்னதில்ல சார்" என்றார் டாக்டரம்மா. "நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"பக்கத்துக் கட்டில்" என்றார் சத்யநாராயணன்.

பக்கத்து வீட்டுக்காரர் என்று அந்த அம்மா எழுதிக்கொண்டார். நான் வேர்த்து விறுவிறுத்து, ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து, "மச்சான், மச்சான்" என்று உள்ளே நுழைந்தேன். கூடவே அனுப்பிய சீட்டில் மனநோயாளி என்று போட்டிருந்தது போலிருக்கிறது. ஒரு வார்டு பையன் என் இரண்டு கையையும் இதமாகப் பிடித்து, "வாங்கண்ணே, ஒக்காருங்க, ஒண்ணும் இல்ல" என்று பெஞ்சில் உட்காரவைத்தான். அவனுக்கு விளக்குவதற்குச் சத்யநாராயணன்தான் வர வேண்டியிருந்தது.

ரத்தத்தில் சர்க்கரை எழுநூற்றுப் பதினெட்டு. இரண்டு கையிலும் டிரிப்ஸ், இன்சுலின். இன்னும் அரை நாள் போயிருந்தால் கஷ்டம் என்றார்கள். அறிவுமதி வந்து அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவில்லை. என்னோடு இரண்டு நாள் பேசவும் இல்லை. அவள் போனில் அந்தப் போட்டோ இருந்தது, முகம் இறங்கி அழகாக இருந்த போட்டோ.

மூன்றாம் நாள் மச்சான் தெளிந்தார். கேட்ட முதல் கேள்வி, "ரீடிங் எவ்ளோ?"

"எழுநூத்திப் பதினெட்டு."

கண்ணை மூடி மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். திருப்தியாக இருந்த மாதிரித் தெரிந்தது. பிறகு முகம் மாறியது.

"மாப்ள, எறும்பு நெசம்தான?"

"நெசம்தான் மச்சான்."

"பிரிக்ஸ் ஏறுனதும் நெசம்தான?"

"ஆமாம் மச்சான்."

"அப்ப சங்கு?"

இல்லை என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பதினேழு வருஷமாக அவர் சொன்னதையெல்லாம் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டியவன் நான். அவர் என் முகத்தையே பார்த்தார். அதில் ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. சத்யநாராயணன் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தவர் நிமிராமல் சொன்னார்.

"அது தனி மனு. இதோட சேர்க்கப்படாது."

மச்சான் சரி என்று தலையாட்டினார். எனக்குத்தான் அன்றைக்கு அழுகை வந்தது.

அன்று மதியம் மனநல ஆஸ்பத்திரியிலிருந்து வேன் வந்தது. இரண்டு நாளாகச் சத்யநாராயணனைக் காணோம் என்று கிணற்றில் எல்லாம் தேடியிருக்கிறார்கள். நான் சொல்ல மறந்துவிட்டேன். வார்டு நர்ஸ் விடவே இல்லை. "அவரையா? அவர் இந்தப் பேஷண்ட்டோட அட்டெண்டர். பாஸ் இருக்கு. அவர் போயிட்டா மூத்திர அளவு யாரு எழுதுறது?" என்று சண்டைக்குப் போனார். கடைசியில் அவர் மாத்திரைகளை என்னிடம் கொடுத்துவிட்டு வேன் காலியாகத் திரும்பியது. ஒன்பது நாள் இருந்தார். காலை பத்திலிருந்து ஐந்து வரை டியூட்டி. பக்கத்துக் கட்டில்காரர்களும் அவரிடம் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

ஏழாம் நாள் மனநல டாக்டர் வந்தார். மச்சானின் கட்டிலோரம் வந்து நின்றார்.

"எறும்பு இருக்குறதா தோணுதான்னு கேட்டேன். இருக்குதான்னு போய்ப் பாக்கல" என்றார். மச்சானிடம் சொன்னாரா, என்னிடம் சொன்னாரா, தெரியவில்லை. சத்யநாராயணனின் நோட்டைக் கேட்டு வாங்கினார். நின்றபடியே பக்கம் புரட்டியவர், ஒரு இடத்தில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். கையெழுத்து அச்சு மாதிரி.

"கட்டில் எண் 9. லூர்துசாமி. குறை: மார்பின் மீது ஒருவர் ஏறி அமர்ந்திருக்கிறார், இறங்க மறுக்கிறார். நடவடிக்கை: மாத்திரை கூட்டப்பட்டது. முடிவு: மனுதாரர் காலமானார்."

அது முந்தின வருஷத்து மார்கழி. டாக்டர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டே நோட்டை மூடினார். "இத நான் எடுத்துட்டுப் போகலாமா?" என்று கேட்டார்.

"நகல் எடுத்துக்கலாம்" என்றார் சத்யநாராயணன். "அசல் ஆபீஸ்ல இருக்கணும்."

இப்போது அந்த ஆஸ்பத்திரியில் மாதம் ஒரு தரம் எல்லாருக்கும் சர்க்கரை, பிரஷர், எடை பார்க்கிறார்கள். முதல் தடவையிலேயே முப்பத்தாறு பேரில் ஏழு பேருக்குச் சர்க்கரை. யாரோ குரல்வளையை நெரிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவருக்குத் தைராய்டு கட்டி. டாக்டர் தினமும் பத்து மணிக்கு வேப்பமரத்தடிக்கு வந்து அன்றைய குறைகளைக் கேட்டுப் போகிறாராம். சத்யநாராயணன் இன்னும் தனி அலுவலர்தான். போன மாதம் பார்த்தபோது பதவி உயர்வு வந்திருப்பதாகச் சொன்னார். டாக்டரே சொன்னாரா, வேறு யாராவது சொன்னார்களா என்று நான் கேட்கவில்லை.

மச்சானுக்கு மாத்திரையை மாற்றிவிட்டார்கள். எங்களோடு சிதம்பரத்தில் இருக்கிறார். காலையும் சாயந்திரமும் வயிற்றில் தானே ஊசி போட்டுக்கொள்கிறார். இடது கண் முழுசாகத் திரும்பவில்லை. பேப்பரை ஓரக்கண்ணால்தான் படிக்கிறார். சங்கு சில நாள் கேட்கிறது, சில நாள் இல்லை.

எனக்குத்தான் ஒரு வியாதி வந்துவிட்டது. அவர் எது சொன்னாலும் போய்ப் பார்த்துவிடுகிறேன். ஃபேன் முணுமுணுக்கிறது என்றார், ஸ்டூல் போட்டு ஏறினேன். காலுக்குள் கரண்ட் ஓடுகிறது என்றார், டாக்டரிடம் கூட்டிப் போனேன். அது நரம்பு, சர்க்கரையால் வந்தது, மருந்து தந்தார்கள். போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"மாப்ள, மாடியில தண்ணி டேங்குக்குள்ள ரெண்டு பேரு பேசிக்கிட்டு இருக்காங்க" என்றார்.

ஏணி வைத்து ஏறினேன். மூடியைத் திறந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். தண்ணீர்தான். காதை வைத்தும் கேட்டேன். இறங்கி வந்து மூச்சு வாங்க நின்றேன்.

"யாரும் இல்ல மச்சான்."

"தெரியும்" என்றார். "இருக்க மாட்டாங்கன்னு எனக்கே தெரியும். நீ ஏறிப் பாப்பியான்னுதான் பாத்தேன்."

அடுப்படியிலிருந்து அறிவுமதி தலையை நீட்டினாள்.

"ஏறுனதுதான் ஏறுனீங்க, காஞ்ச துணிய எடுத்துக்கிட்டு வந்துருக்கக் கூடாதா?"

மச்சான் எழுந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, நல்ல கண்ணைப் படியில் வைத்து ஒவ்வொரு படியாக ஏறிப் போனார், துணி எடுக்க.